ஆட்டமா? நடுக்கமா?

சென்னையில் "என் கார் ஆடுகிறது" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அனுதாபம் கிடைக்காது. "ரோடு அப்படி சார்!" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். லஸ் முனையிலும், பனகல் பார்க்கிலும், அடையாறு சிக்னலிலும் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காகப் பள்ளம் தோண்டிய பிறகு, ஆடாமல் போகிற கார்தான் சந்தேகத்துக்குரியது. அது நின்றுகொண்டிருக்கிறதோ என்னவோ!

ஆனால் ரோடு ஆட்டுவது வேறு, கார் தானாக ஆடுவது வேறு. தானாக ஆடுவதிலும் ஆட்டம், உதறல், நடுக்கம், அதிர்வு, கிடுகிடுப்பு என்று பல ஜாதி. தமிழில் இத்தனை வார்த்தை இருந்தும் மெக்கானிக்கிடம் போனால் நமக்கு வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான்: "ஆடுது!" இந்த ஒரு வார்த்தையின் விலை என்ன என்பதை 2024-ல் நான் மூன்று பில்களாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

எங்களுடையது 2010 மாடல் சான்ட்ரோ. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வம்சம். 'டால் பாய்' என்று பெயர் சூட்டி, ஷாருக் கான் விளம்பரத்தில் வந்து ஆடிய அதே கார். பார்க்க நின்றவாக்கில் வைத்த பிஸ்கட் டின் மாதிரி இருக்கிறதே என்று அந்தக் காலத்தில் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும். கதவைத் திறந்து, திரும்பி, அப்படியே உட்கார்ந்துவிடலாம். குனியவும் வேண்டாம், குழிக்குள் இறங்கவும் வேண்டாம்.

என் அம்மாவுக்கு எண்பத்தோரு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாரத்துக்கு இரண்டு நாள் மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு ஃபிஸியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்க முடியாது. கால் டாக்ஸியாக வருகிற கார்களில் பாதி, தரையோடு தரையாக இருக்கும். உள்ளே உட்கார வைப்பதற்குள் டிரைவர் இரண்டு தடவை மணி பார்ப்பார். ஆக அம்மாவின் கால் நடக்க வேண்டுமென்றால் எங்கள் சான்ட்ரோ ஓடவேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தச் சமயம் பார்த்து சான்ட்ரோவுக்கும் கால் போயிற்று.

மாட வீதியில் முழுசாக ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினால் முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து 'டக்... டக்... டக்...' என்று சத்தம். இதற்கு ஜோசியம் பார்க்கவேண்டியதில்லை. எஞ்சினின் சக்தியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பிக்கு ஆக்ஸில் என்று பெயர். அதன் இரு முனையிலும் ஒரு மூட்டு. நம் தோள் மூட்டும் முழங்கை மூட்டும் மாதிரி. மூட்டுக்கு மேல் அக்கார்டியன் பெட்டி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. 'பூட்' என்பார்கள். அது கிழிந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே போகும், வெளியே இருக்கிற மணல் உள்ளே வரும். அப்புறம் மூட்டு தேயும். சக்கரத்துப் பக்கத்து மூட்டு தேய்ந்தால், திருப்பத்தில் 'டக் டக்.'

மயிலாப்பூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பெயர் வேண்டாம். "ரெண்டு பக்கமும் ஆக்ஸிலை முழுசா மாத்திடலாம் சார். லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட்டும் போட்டுட்டா முன்பக்கம் புது வண்டி" என்றார். ஒன்பதாயிரத்துச் சொச்சம். மறுநாள் வண்டி வந்தது. திருப்பினால் சத்தம் இல்லை. சுத்தம்!

அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"முன்னாடி சத்தம்தான் வந்தது. இப்போ சத்தம் போயிடுத்து. அதுக்குப் பதிலா இடுப்புல நடுங்கறதுடா" என்றாள்.

எனக்கும் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காரின் முன்பாதி பக்கவாட்டில் குளிரில் நடுங்குவது போல ஒரு நடுக்கம். உடம்பில் பூராவும் ஒரிஜினல் பார்ட் வைத்திருக்கிற எனக்கு அது வெறும் எரிச்சல். இடுப்பில் ஆணியும் தகடும் வைத்திருக்கிற அம்மாவுக்கு அது வலி.

மெக்கானிக்கிடம் திரும்பிப் போனேன். "ஆடுது" என்றேன்.

"புது பார்ட் இல்லே சார்? ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்."

செட் ஆகும் என்பது நம் ஊரில் செருப்பு, பல்செட், புது மருமகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்கிற சமாதானம். செருப்பு விஷயத்தில் ஓரளவு உண்மை. ஆக்ஸில் செட் ஆகாது. சரியாக இருந்தால் முதல் கிலோமீட்டரிலேயே சரியாக இருக்கும். இல்லாவிட்டால் ஐந்நூறாவது கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் மோசமாக இருக்கும்.

அடுத்து தி. நகரில் வீல் பாலன்ஸிங் பண்ணுகிற கடை. கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டார்கள். எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று திரையில் எண் வரும். அந்த இடத்தில் ஒரு சின்ன உலோகத் துண்டை ரிம்மில் அடிப்பார்கள். 'இத்துனூண்டு துண்டு என்ன செய்துவிடும்?' என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எங்கள் கார் மாதிரி 13 அங்குலச் சக்கரம், மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால், வினாடிக்குச் சுமார் 13 தடவை சுற்றுகிறது. அப்போது ரிம்மில் 20 கிராம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள இழுப்பாக மாறி, வினாடிக்கு 13 முறை சக்கரத்தை மேலும் கீழும் போட்டு இழுக்கும். நாலு ஸ்பூன் சர்க்கரை இரண்டு கிலோ ஆகிறது! ரேஷன் கடையில் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்து பார்த்திருக்கிறேன்.

அதனால் பாலன்ஸிங் முக்கியம்தான். சந்தேகமில்லை. ஆனால் அது கெட்டால் வருகிற ஆட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சாதுவாக இருக்கும். ஈ.ஸி.ஆரில் வேகமெடுத்து எழுபது, எண்பதைத் தொட்டால் ஸ்டீரிங் கையில் உதறும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் உதறும், விட்டாலும் உதறும். எங்கள் காரோ நாற்பதிலேயே நடுங்கியது. காலை எடுத்தால் நின்றது. பாலன்ஸிங் முடிந்து மெஷின் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டிய பிறகும் தெற்கு உஸ்மான் ரோடில் அதே நடுக்கம்.

"அப்போ அலைன்மெண்ட் சார்" என்றார்கள். அதையும் பார்த்தார்கள். லோயர் ஆர்ம் மாற்றினால் அலைன்மெண்ட் பார்க்கத்தான் வேண்டும். சக்கரம் இரண்டும் நேராகப் பார்க்கிறதா, ஓர் ஒன்றரைக் கண் பார்வையா என்கிற சோதனை அது. தவறாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரம் சீக்கிரம் தேயும். நடுங்காது. இழுப்புக்கு மருந்து கொடுத்தால் நடுக்கம் நிற்குமா? நிற்கவில்லை.

மூன்றாவதாக ஒரு பெரிய ஒர்க்ஷாப். அங்கே ஏ.சி. ரூம், காப்பி, எல்லாம் உண்டு. ஒரு பையன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தான். எஞ்சின் மவுண்ட்டிங் மூன்று, முன்பக்க டிஸ்க் இரண்டு, ஷாக் அப்ஸார்பர் இரண்டு, டயர் நாலு என்று எஸ்டிமேட் அடித்துக் கொடுத்தார்கள். கார் மொத்தத்துக்கும் அவ்வளவு மதிப்பு கிடையாது. "இதெல்லாம் மாத்தினா நின்னுடுமா?" என்றேன்.

"மாத்திப் பார்க்கலாம் சார். வண்டி பழசு இல்லே?"

இந்த 'பழசு' அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் உறுப்பினர் ஆகிவிட்டது. மைத்துனர் போனில், "பதினாலு வருஷம் ஆயிடுத்தே. வயசானா ஆடத்தான் செய்யும். தள்ளி விட்டுடுங்கோ" என்றார். பக்கத்து ஃபிளாட்காரர், "சாருக்கு இது சென்டிமெண்ட்" என்றார். இதற்கு நடுவில் அம்மா நாலு ஃபிஸியோதெரபிக்குப் போகவில்லை. "இருக்கட்டும்டா, ஹாலுக்குள்ளேயே நடக்கறேன்" என்றாள். ஹால் பதினாலு அடி. வாக்கரைத் திருப்புவதற்கே பாதி ஹால் போய்விடும்.

ஒரு நாள் சாயங்காலம் அவளாகவே சொன்னாள்: "டாக்டரும் இதேதான் சொல்றார். வலிக்கறதுன்னா, வயசாச்சேம்மாங்கறார். காருக்கும் வயசாச்சாம், எனக்கும் வயசாச்சாம். ஏண்டா, வயசுங்கறது ஒரு வியாதியா?"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், போன மாதம் வரை நடுங்காத வண்டி. ஆக்ஸில் மாற்றிய மறுநாளிலிருந்து நடுங்குகிறது. ஒரே ராத்திரியில் யாருக்காவது வயசாகுமா?

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்துக்குள், வேப்ப மரத்தடியில், போர்டுகூட இல்லாத ஒரு ஷெட் இருக்கிறது. அங்கே இருக்கிற மெக்கானிக்குக்கு எழுபது வயதிருக்கும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்தில் ஸ்பேனர் பிடித்தவர் என்று காய்கறிக்காரர் சொல்லித்தான் போனேன். ஹெரால்டு நம் சென்னையிலேயே செய்த கார். 1961-லிருந்து இங்கே ஓடியது. அதுவும் சரி, அம்பாசடரும் சரி, பழைய ஃபியட்டும் சரி, எல்லாம் எஞ்சின் முன்னால், இழுப்பு பின்சக்கரத்தில். முன்சக்கரம் இழுக்கிற கார் நம் தெருக்களில் சகஜமானது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான். 'ஹெரால்டுக்காரருக்கு இந்த ஆக்ஸில் பிடிபடுமா?' என்று உள்ளுக்குள் ஒரு யோசனையோடுதான் நின்றேன்.

"இன்னா சார் ஆவுது?"

"ஆடுது."

"ஆடுதுன்னா? ஸ்டீரிங்கு ஆடுதா, சீட்டு ஆடுதா, வண்டியே ஆடுதா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"எப்போ ஆடுது? ஓட்றப்போவா, நிக்கறப்போவா? பிரேக்கு புடிக்கறப்போவா, மிதிக்கறப்போவா? கடைசியா இன்னா கழட்டுனாங்க?"

நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தவன், "எங்கம்மாவுக்குத்தான் நல்லாத் தெரியறது. அவங்க நடுங்கறதுங்கறாங்க" என்றேன்.

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்போ அவங்கள இட்டுனு வா சார். என் கை மரத்துப் போச்சு. அவங்க இடுப்புதான் மீட்டரு."

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணி. முன்சீட்டில் அம்மா, தலையணை வைத்துக்கொண்டு. பெரியவர் ஸ்டீரிங்கில். பின்சீட்டில் நான். ரோடு காலியாக இருக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். அவர் செய்த சோதனைகள் நாலு. காசு செலவில்லாதவை. எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து எஞ்சினை மட்டும் முறுக்கினார். "இப்போம்மா?" "இல்லைப்பா." அப்படியானால் எஞ்சின் தனியாக ஆடவில்லை. மவுண்ட்டிங் அடியோடு போயிருந்தால் இதிலேயே ஓரளவு தெரிந்திருக்கும்.

இரண்டாவது, கடற்கரைச் சாலையில் ஐம்பதைத் தொட்டுவிட்டு, முன்னும் பின்னும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி தன் பாட்டுக்கு உருண்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "நின்னுடுத்துப்பா. பட்டு மாதிரி போறது." உருளும்போது நடுக்கம் இல்லையென்றால் டயர், ரிம், பாலன்ஸிங் எல்லாம் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டன. அவை கெட்டிருந்தால் கியர் எதில் இருந்தாலும் ஆட்டம் தொடரும்.

மூன்றாவது, பிரேக். மெதுவாக அழுத்தினார். டிஸ்க் கோணியிருந்தால் அப்போது காலிலும் ஸ்டீரிங்கிலும் துடிக்கும். துடிக்கவில்லை. டிஸ்க் விடுதலை. எஸ்டிமேட்டில் முக்கால்வாசி போயே போய்விட்டது!

நாலாவது சோதனைக்கு மேடு வேண்டும். நம் ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? தி. நகருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் நடுவில் துரைசாமி சப்வே இருக்கிறதே! அதற்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறும்போது, இரண்டாவது கியரில் ஒரு மிதி மிதித்தார்.

"வர்றது, வர்றது! இப்போ நன்னா நடுங்கறது!" என்றாள் அம்மா. வலித்திருக்கும். ஆனால் முகத்தில் ஒரு வெற்றி.

பெரியவர் காலை எடுத்தார். நின்றது. மிதித்தார், வந்தது. அவ்வளவுதான். "இஸ்க்கும்போது மட்டும் நடுங்குது. உள்பக்கத்து ஜாயிண்ட்டு சார். புச்சா போட்டாங்களே, அதுல ஒண்ணு."

"புதுசாச்சே?"

"கயிட்டிப் பாத்தா தெரியும்."

ஷெட்டில் கழற்றினார். இந்த இடத்தில் கொஞ்சம் பூகோளத்தை விட்டு இயந்திர சாஸ்திரத்துக்குப் போகவேண்டும். சுற்றுகிற கம்பியை வளைத்துக்கொண்டே சுற்றவைப்பது லேசான காரியமில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் சிலுவை மாதிரி ஒரு மூட்டைப் பற்றி எழுதி வைத்தார். லாரிகளுக்கு அடியில் நீளமாகச் சுற்றுகிறதே, அதில் இன்றைக்கும் அந்த மூட்டுத்தான். ஆனால் அதை அதிகமாக வளைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் கூடிக் குறையும். பின்சக்கர வண்டிக்கு அது போதும். இழுத்துக்கொண்டே திரும்பவும் வேண்டிய முன்சக்கரத்துக்குப் போதாது. திருப்பத்துக்குத் திருப்பம் திக்குவாய் மாதிரி விட்டு விட்டு இழுக்கும். 1920-களில் ஃபோர்டு கம்பெனி எஞ்சினியர் ஆல்ஃபிரட் ஜெப்பா, ஒரு கிண்ணத்துக்குள் ஆறு குண்டுகளை வைத்து, எவ்வளவு வளைத்தாலும் வேகம் மாறாத மூட்டைச் செய்தார். சக்கரத்துப் பக்கத்தில் 'டக் டக்' என்று அழுததே, அது இந்த வம்சம்.

எஞ்சின் பக்கத்து மூட்டு வேறு மாதிரி. சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலின் நீளம் கொஞ்சம் கூடிக் குறையவேண்டும் இல்லையா? அதற்காக முக்காலி போல மூன்று கால்கள், ஒவ்வொரு காலிலும் ஓர் உருளை. ஒரு கிண்ணத்துக்குள் மூன்று வாய்க்கால். உருளைகள் வாய்க்காலில் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே சுற்றும். வாய்க்கால் வழவழப்பாக இருக்கும்வரை எல்லாம் சுகம். அதில் தேய்ந்து பள்ளம் விழுந்துவிட்டால், எஞ்சின் இழுக்கும்போது உருளை பள்ளத்தில் மாட்டி மாட்டி ஏறும். ஒரு சுற்றுக்கு மூன்று உதை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஆறரை சுற்று. அப்படியானால் வினாடிக்கு இருபது உதை. எண்ண முடியாது. ஆட்டம் என்றும் சொல்ல முடியாது. அதற்குச் சரியான வார்த்தை, அம்மா முதல் நாளே சொன்ன வார்த்தைதான்: நடுக்கம்! காலை எடுத்தால் இழுப்பு இல்லை, உருளை வாய்க்காலை அழுத்துவதில்லை. அதனால் நின்றுவிடுகிறது.

பெரியவர் வலது பக்கத்து ஆக்ஸிலின் உள்கிண்ணத்தைத் துணியால் துடைத்து என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். மூன்று வாய்க்காலிலும் நகக்கண் இறங்குகிற பள்ளம். புது பூட், புது கிரீஸ், வெளியே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். உள்ளே பழசு. எந்தக் காரிலோ ஓடிக் களைத்த ஆக்ஸிலுக்குத் தலைக்குச் சாயம் பூசிப் பெண் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்!

"உங்க ஒரிஜினல் எங்க சார்?"

'எக்ஸ்சேஞ்ச்' என்று பழசை வைத்துக்கொள்வது வழக்கமாம். முதல் மெக்கானிக்கிடம் இருந்தது. என் மனைவி கிளம்பினாள். பழைய வெண்கலப் பானையைக் கொடுத்து எவர்சில்வர் வாங்கின அனுபவம் உள்ளவள். "எங்க ஆக்ஸில் ரெண்டும் வேணும். உங்களுது ரெண்டையும் கொண்டுவந்திருக்கோம், விரலை விட்டுப் பாருங்கோ" என்று கடை வாசலில் நாலு கஸ்டமர் இருக்கும்போது சத்தமாகச் சொன்னாளாம். மூலையில் சாக்குக்கு அடியிலிருந்து இரண்டும் வெளியே வந்தன. பாதிப் பணமும் வந்தது.

எங்கள் பழைய ஆக்ஸில்களின் உள்மூட்டுகள் இரண்டும், பதினாலு வருஷத்துக்கு அப்புறமும், கண்ணாடி மாதிரி இருந்தன. கெட்டுப்போயிருந்தது இடது பக்கத்து வெளிமூட்டு ஒன்றுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் அதைத் தனியாக வாங்கினோம். இரண்டு பக்கமும் புது பூட், புது கிரீஸ். மாட்டும்போது பெரியவர் இரண்டு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பாக இருந்தார். சக்கரம் உட்காருகிற தட்டில் துரு, மண் ஒரு துளி இல்லாமல் தேய்த்தார். "இதுல ஒரு மணல் இருந்தா சக்கரம் கோணிக்கும். அப்பால ஆட்டம் வேற வரும்." இரண்டாவது, நடு நட்டையும் லோயர் ஆர்ம் போல்ட்டையும் வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கவில்லை. கீழே இறக்கி, நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகு, அளவு காட்டுகிற ஸ்பேனரால் இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியுமாம். 'புதுசு போட்டும் போச்சே' என்று நாம் புலம்புகிற பல பார்ட்டுகளின் கதை இதுதான் என்றார்.

இதுவரை படித்தவர்களுக்குச் சுருக்கமாக. வேகத்தோடு வந்து, நியூட்ரலிலும் தொடர்ந்தால், சக்கரம் அல்லது டயர். பிரேக்கில் மட்டும் வந்தால் டிஸ்க். நின்ற இடத்திலேயே வந்தால் எஞ்சின், மவுண்ட்டிங். மிதித்தால் வந்து விட்டால் போனால் ஆக்ஸில் உள்மூட்டு. திருப்பத்தில் 'டக் டக்' என்றால் வெளிமூட்டு. இன்னொன்று இருக்கிறது, அதில் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். சக்கரம் கழற்றி மாட்டின பிறகு மெதுவாகப் போகும்போதே 'லொடக் லொடக்' என்று ஆடி, போகப் போக அதிகமானால், அப்படியே ஓரமாக நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். முடுக்காத நட்டாக இருக்கலாம். அடுத்த சிக்னல்வரைகூடப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் சந்தேகப்படுங்கள். 'பழசு' என்று பதில் வந்தால், 'எப்போதிலிருந்து?' என்று கேளுங்கள்.

திரு.வி.க. பாலத்தில் இப்போது சான்ட்ரோ வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. அம்மா ஃபிஸியோதெரபியை மறுபடி ஆரம்பித்தாள். அந்த வாரமே டாக்டரிடமும் போகவேண்டியிருந்தது. அவர் வழக்கம்போலச் சீட்டில் எழுதிக்கொண்டே, "எப்படி இருக்கீங்கம்மா? வலி இருக்கா?" என்று கேட்டார். வழக்கமாக அம்மா "இருக்கு" என்பாள். அவர் "வயசாச்சே" என்பார். அதோடு முடியும்.

அன்றைக்கு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்டர், உட்கார்ந்தா இல்லை. படுத்தாலும் இல்லை. அதாவது நியூட்ரல்ல இல்லை. இடது கால்ல வெயிட்டைப் போட்டு நடந்தாத்தான் வர்றது. லோடுல மட்டும்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி கிடையாது. நீங்க மாட்டினதுக்கு அப்புறம்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவைப் படுக்கவைத்து, டேப் எடுத்து இரண்டு காலையும் அளந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குட்டையாகியிருந்தது. இடுப்பு ஆபரேஷனில் அப்படி ஆவது உண்டாம். இடது செருப்புக்குள் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டை எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் வலி பாதியாகக் குறைந்தது.

காருக்குள் ஏறும்போது அம்மா செருப்பைக் காட்டிச் சொன்னாள்: "பாலன்ஸிங் வெயிட்டுடா."